ஹானோவர் படையும் கடலூர் மணலும்

ஜெர்மானியப் படைவீரன் என்றதும் நம்மில் பெரும்பாலோர் மனத்தில் எழும் உருவம் திரைப்படங்கள் தந்தது. சாம்பல் நிறச் சீருடை, காதை மூடும் இரும்புத் தொப்பி, முழங்காலைத் தொடும் காலணி. உலோகச் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டி, பழைய போர்களை மேசையின்மேல் விதிமுறைகளோடு ஆடிப்பார்ப்பது மேலைநாடுகளில் வேரூன்றிய பொழுதுபோக்கு. அதில் ஈடுபட்டோரிடமும் இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானியப் படைக்கே மவுசு அதிகம். அப்படையின் ஊர்திகளும் உடைகளின் புள்ளி வண்ணங்களும் தூரிகைக்கு விருந்தாக அமைவது அதற்கு ஒரு காரணம். அந்த அழகில் மயங்கி, அப்படை எங்கே சென்றது, என்ன செய்தது என்பதை மறந்துபோகும் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது.

நான் தேர்ந்துகொண்டது இன்னொரு ஜெர்மானியப் படை. 1782-இல் சென்னைக் கடற்கரையில் வந்திறங்கி, 1783 ஜூன் மாதம் கடலூருக்குத் தெற்கே போரிட்டு, ஆர்க்காட்டிலும் பிற பாசறைகளிலும் பல ஆண்டுகள் தங்கி, 1791–92-இல் ஊர் திரும்பிய ஹானோவர்ப் படை. போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரத்தில் இருந்துகொண்டு, ஓய்வு நேரங்களில் அந்தப் படையை 28 மில்லிமீட்டர் உயரத்தில் உருவாக்கி வருகிறேன். ஒரு சிறு பொம்மைக்குச் சரியான வண்ணம் பூச முற்பட்டால் வரலாற்று நூல்கள் எழுப்பாத கேள்விகளையெல்லாம் கேட்க நேர்கிறது. அக்கேள்விகளில் சிலவற்றையும், அவை என்னை இட்டுச்சென்ற இடத்தையும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கட்டத்திலிருந்து களத்துக்கு

போரை விளையாட்டாகச் சுருக்கும் எண்ணம் நமக்குப் புதிதன்று. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையைக் கட்டங்களில் நிறுத்திய சதுரங்கம் இந்தியாவில் பிறந்து, பாரசீகம் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. ஜெர்மானிய நிலத்தில் அது மீண்டும் உண்மைப் போரை நோக்கித் திரும்பியது. பிரவுன்ஷ்வைக் நகரில் கணிதம் கற்பித்த யோஹான் கிறிஸ்டியான் லூட்விக் ஹெல்விக் 1780-இல், சதுரங்கத்தை அடிப்படையாகக் கொண்டு ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். அவருடைய பலகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் சமவெளி, குன்று, சதுப்பு, நீர்நிலை என நிலத்தின் இயல்பைக் குறித்தது. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் 1812-இல் தாம் அமைத்த போர்மேசையை அரசருக்குக் காட்டினார். அவருடைய மகன் 1824-இல் அதைச் செம்மைப்படுத்தி, கட்டங்களை நீக்கி, வரைபடத்தின்மேல் பகடைகளோடு ஆடும் பயிற்சியாக்கினார். பிரஷ்யப் படை அதிகாரிகள் அதில் பழகினர். 1870–71-இல் பிரான்சை பிரஷ்யா வென்ற பிறகு ஏனைய நாட்டுப் படைகளும் அதை ஏற்றுக்கொண்டன. ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட ஒரு சிறு நூலின் மூலம் அது பொம்மைப் படைகளோடு வீட்டுத் தரையில் ஆடும் விளையாட்டாகவும் ஆனது. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது.

பொம்மைகளுக்கும் தனி வரலாறு உண்டு. நூரன்பர்க் நகரத்துத் தகரக் கைவினைஞர் ஹில்பர்ட் 1770-களில் தட்டையான வெள்ளீய வீரர்களை வார்த்து விற்றார். பிரஷ்ய அரசர் பிரெடெரிக்கின் படைகளே அவருடைய பெயர்பெற்ற வார்ப்புகள். ஆகவே ஹானோவரின் இளைஞர்கள் கப்பலேறிய காலத்தில், அவர்களை ஒத்த தகர வீரர்கள் ஜெர்மானியச் சிறுவர்களின் கைகளில் ஏற்கெனவே இருந்தார்கள். ஹெல்விக்கின் பலகை வெளிவந்து ஓராண்டு கழித்து, அவருடைய ஊருக்கு அண்டை நாடான ஹானோவரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி இரண்டு படைப்பிரிவுகள் இந்தியாவுக்கு நகர்த்தப்பட்டன.

2. ஓர் அரசர், இரண்டு நாடுகள்

இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஹானோவர் நாட்டுக்கும் அதிபதி. அமெரிக்கக் குடியேற்றங்களில் எழுந்த கிளர்ச்சி, பிரான்சோடும் ஸ்பெயினோடும் மூண்ட போர், தென்னிந்தியாவில் ஹைதர் அலியின் படையெடுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து இங்கிலாந்தை ஆள்பற்றாக்குறையில் தள்ளின. ஜெர்மானியச் சிற்றரசுகள் தம் குடிமக்களைப் படைவீரர்களாக வாடகைக்கு விடுவது அன்றைய வழக்கம். அமெரிக்கப் போருக்கு மட்டும் ஏறத்தாழ 30,000 ஜெர்மானியர் சென்றனர். ஹானோவரின் சில பிரிவுகள் ஜிப்ரால்டர் கோட்டையைக் காத்து நின்றன. 1781-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் செலவில், 14, 15 என எண்ணிடப்பட்ட இரண்டு காலாட்படைப் பிரிவுகள் இந்தியப் பணிக்கென்றே திரட்டப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1,000 பேர்.

அவர்கள் 1782-இல் வந்து சேர்ந்த சென்னைக்கு அன்று துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் நம் கடற்கரை மீனவர்கள் அலைகளைக் கடந்து ஆட்களைக் கரைசேர்த்தனர். ஆணி அறைந்த ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில் உடைந்துபோகும். தைத்த படகுகளோ வளைந்துகொடுக்கும். ஐரோப்பியப் பயணிகள் ஒருவர் விடாமல் வியந்தும் அஞ்சியும் எழுதிவைத்த காட்சி இது. ஒரு ஜெர்மானிய வீரன் இந்நாட்டில் முதன்முதலாகத் தன் உயிரை ஒப்படைத்தது ஒரு தமிழ்ப் படகோட்டியிடம்.

கரையில் அவனை எதிர்கொண்டது பஞ்சம். ஹைதரின் குதிரைப்படை கர்நாடகச் சமவெளியின் வயல்களை அழித்திருந்தது. கிராமத்து மக்கள் சென்னை நகருக்குள் வந்து குவிந்திருந்தனர். அக்டோபரில் அடித்த புயல், அரிசி ஏற்றிவந்த கப்பல்களைக் கரையோரத்திலேயே மூழ்கடித்தது. அந்த ஆண்டில் தொடங்கிய கஞ்சி வார்ப்பிலிருந்துதான் ராயபுரத்து மணியக்காரர் சத்திரம் வளர்ந்தது. பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனை ஆன இடத்தைச் சென்னைவாசிகள் நெடுநாள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைத்ததன் வேர் இந்தப் பஞ்சத்தில் இருக்கிறது. ஹானோவர்ப் படையை மேசையில் நிறுத்தும் எவரும் அதன் பின்புலத்தில் இந்தக் கஞ்சித்தொட்டியை நினைவில் கொள்ளவேண்டும்.

இப்படையைச் சேர்ந்தவர்களே எழுதிய நூல்கள் நமக்குக் கிடைத்திருப்பது பேறு. 14-ஆம் பிரிவின் பாதிரியார் லாங்ஸ்டெட் 1789-இல் தம் பயணநூலை வெளியிட்டார். அதிகாரி கார்ல் கொன்ராட் பெஸ்ட் எழுதிய இந்தியக் கடிதங்கள் 1807-இல் நூலாயின. அண்மைக் காலத்தில் சென் சோரெஃப்-அஷ்கெனாசி என்னும் வரலாற்றாசிரியர் 2014-இல் இப்படையைப் பற்றியே தனி நூல் எழுதியிருக்கிறார். போரில் இறந்தவர்களைக் காட்டிலும் நோயில் இறந்தவர்களே மிகுதி என்பது அக்காலத்து ஐரோப்பியப் படைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான கதை.

3. சிவப்பின் வரலாறு

சிற்றுருவத்தின்மேல் தூரிகையை வைக்கும்போது எழும் முதல் கேள்வி நிறம். பிரஷ்யர் என்றால் நீலம். ஓவியர்கள் பயன்படுத்தும் பிரஷ்ய நீலம் என்ற நிறமியே 1700-களின் தொடக்கத்தில் பெர்லினில் உருவானதுதான். ஹானோவர் வீரனோ தன் மன்னரின் இன்னொரு படையைப் போலவே சிவப்புக் கோட்டு அணிந்தான். தொலைவிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு அவனுக்கும் ஆங்கிலேயனுக்கும் வேறுபாடு தெரியாது. ஆங்கில அதிகாரியின் இடைக்கச்சை கருஞ்சிவப்பு, ஹானோவர் அதிகாரியின் கச்சை மஞ்சள் என்பதுபோன்ற சிறு அடையாளங்களே பிரித்துக் காட்டின. அமெரிக்கப் போருக்கென வார்க்கப்பட்ட ஆங்கிலக் காலாட்படை உருவங்களை எடுத்து, அதிகாரிக்கு மஞ்சள் கச்சை தீட்டினால் அவர் ஹானோவர்க்காரர் ஆகிவிடுவார்.

எந்தச் சிவப்பு என்பது அடுத்த கேள்வி. சாதாரண வீரனின் கம்பளிக் கோட்டு, மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த ஒரு ஐரோப்பியச் செடியின் வேரால் சாயமேற்றப்பட்டது. அது புதிதாக இருக்கும்போதே சற்று மங்கலான சிவப்பு. வெயிலும் மழையும் பட்டால் செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். அதிகாரியின் கோட்டோ, அமெரிக்கக் கண்டத்துச் சப்பாத்திக்கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த ஒளிமிக்க சிவப்பு. ஆகவே ஒரே படையில் இரண்டு சிவப்புகளைக் காட்டவேண்டும். வீரர்களுக்குப் பழுப்பு அடிப்பூச்சின்மேல் மங்கிய சிவப்பைத் தீட்டி, மடிப்புகளின் மேடுகளில் காவி கலந்த செந்நிறத்தை மெல்லத் தொட்டால் போதும். மேடுகளை ஒளிரச் செய்ய வெள்ளையைக் கலந்தால் சிவப்பு ரோஜா நிறமாகிக் கெட்டுவிடும். அதிகாரிக்கு மட்டும் தூய சிவப்பு. ஒரு படையின் வர்க்க வேறுபாடு இப்படிச் சாயத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அந்தச் சிவப்பைத் தொடர்ந்து சென்றால் அது நம் ஊர்களுக்கே வந்து சேர்கிறது. சோழமண்டலக் கரையின் துணிகளை உலகறியச் செய்த சிவப்பு, கடலோர மணலில் விளையும் இம்பூரல் என்னும் சாயவேரிலிருந்து வந்தது. ஐரோப்பிய வீரனின் கோட்டுக்குச் சாயம் தந்த செடியும் நம் சாயவேரும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எங்கள் மலைச்சரிவுகளில் விளையும் காப்பியும் அதே குடும்பம்தான். கொச்சினீலுக்காக ஸ்பானியர்களை நம்பியிருக்க விரும்பாத கம்பெனி, சென்னையிலேயே அப்பூச்சியை வளர்க்க முயன்றது. மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780-களின் இறுதியில் சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு கள்ளித் தோட்டம் அமைத்தார். முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இன்று மானாவாரி நிலங்களின் ஓரங்களில் நாம் காணும் சப்பாத்திக்கள்ளியின் வரலாற்றில் சிப்பாய்க் கோட்டின் சிவப்பும் கலந்திருக்கிறது.

சீருடையின் நிறம் உள்ளே இருப்பவரைக் காட்டிக்கொடுப்பதில்லை. கடலூரில் ஆங்கிலச் சிவப்புக்குள் ஜெர்மானியர் இருந்தனர். அதே சிவப்புக்குள் தமிழரும் தெலுங்கரும் இருந்தனர். இரண்டாம் உலகப் போரில், வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட இந்திய வீரர்களைக் கொண்டு சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் திரட்டிய ஏறத்தாழ 3,000 பேர் ஜெர்மானியச் சீருடை அணிந்தனர். அவர்களை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் அணியிலும் இந்தியர் பெருந்திரளாக இருந்தனர்.

4. 1783 ஜூன் 13

கடலூர் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. புஸ்ஸி என்னும் முதிய தளபதி, மைசூர்ப் படையின் துணையோடு அதைக் காத்தார். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில் சென்னையிலிருந்து வந்த கம்பெனிப் படை ஊரைச் சுற்றிச்சென்று தெற்கே பாசறை அமைத்தது. மேற்கே வண்டிப்பாளையம் குன்றுகள், கிழக்கே கடல், இடையே மணல்மேடுகள். ஜூன் 13 அன்று காலையில் தொடங்கிய போர் பகல் முழுதும் நீடித்தது. ஹானோவர்ப் படையினரும் தாக்குதலில் இறங்கினர். ஸ்டூவர்ட்டின் தரப்பில் மட்டும் இறந்தோரும் காயமுற்றோருமாக ஏறத்தாழ ஆயிரம் பேர். அன்றிரவு பிரெஞ்சுப் படை கோட்டை மதிலுக்குள் பின்வாங்கியது. ஜூன் 20-இல் சுஃப்ரேனின் கப்பற்படை ஆங்கிலக் கப்பற்படையை விலகச் செய்தது. ஜூன் 25-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையிலிருந்து வெளிப்பட்டுத் தாக்கித் தோற்றனர். மாதக் கடைசியில் ஒரு கப்பல் செய்தி கொண்டுவந்தது: ஐரோப்பாவில் சமாதானத்துக்கான முன் உடன்படிக்கை 1783 ஜனவரி 20 அன்றே கையெழுத்தாகியிருந்தது. முடிந்துபோன ஒரு போருக்காக ஐந்து மாதங்கள் கழித்து அந்த மணலில் அத்தனை பேர் விழுந்தனர்.

இந்தக் களத்தை மேசையில் அமைப்பதிலும் நுணுக்கங்கள் உண்டு. கடலூர்க் கடற்கரை என்றதும் நம் கண்ணில் சவுக்குத் தோப்பு தோன்றும். 1783-இல் சவுக்கு அங்கே இல்லை; அது 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காகப் பரப்பப்பட்ட மரம். பனையும் தென்னையும் தாழையுமே களத்தில் நிற்கவேண்டும். துப்பாக்கிப் புகைக்கு மேலைநாட்டு ஆர்வலர்கள் பஞ்சைப் பிய்த்து வைப்பார்கள். போடி இலவம்பஞ்சுக்குப் பெயர்பெற்ற ஊர். அப்பஞ்சு இதற்கு மிக நேர்த்தியாகப் பொருந்துகிறது. வீரர்களின் கால்களுக்கு வெள்ளைப் பருத்திக் கால்சட்டை. இந்த வெயிலில் பணியாற்றிய ஐரோப்பியப் படைகளிடையே அது பரவலாக வழங்கியது.

இப்போரை ஒட்டிப் புகழ்பெற்ற கதை ஒன்றுண்டு. ஜூன் 25 தாக்குதலில் காயமுற்றுச் சிறைப்பட்ட ஓர் இளம் பிரெஞ்சு சார்ஜண்டை, ஹானோவர்த் தளபதி வாங்கன்ஹைம் தம் கூடாரத்துக்கு எடுத்துச்சென்று பரிவோடு பேணினாராம். இருபது ஆண்டுகள் கழித்து நெப்போலியனின் படை ஹானோவருக்குள் நுழைந்தபோது, அதன் தளபதி பெர்னடாட் முதியவரான வாங்கன்ஹைமை அழைத்து, அந்த சார்ஜண்ட் தாமே என்று சொல்லி நன்றி பாராட்டினாராம். பின்னர் சுவீடன் அரசரான அதே பெர்னடாட். மைசூர் வரலாற்றை எழுதிய வில்க்ஸ் இக்கதையைப் பதிவு செய்திருக்கிறார். பெர்னடாட் இந்தியாவுக்கு வந்ததையே ஐயுறும் ஆய்வாளர்கள் உண்டு. எனினும் இக்கதை இரண்டு நூற்றாண்டுகளாக வாழ்கிறது. அரசராகப் போகிறவர் ஒருவர் அந்தக் களத்தில் காயமுற்றார் என்றால் களத்துக்கே ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. அவரைக் கூடாரத்துக்குத் தூக்கிச்சென்ற டோலிக்காரர்கள் யாரென்று கதை சொல்வதில்லை.

5. வார்க்கப்படாத உருவங்கள்

எண்ணிக்கைக்கு வருவோம். இவ்விளையாட்டில் இருபது வீரருக்கு ஓர் உருவம் என்பது பரவலான கணக்கு. ஸ்டூவர்ட்டின் படையில் ஐரோப்பியர் ஏறத்தாழ 1,600, சிப்பாய்கள் 8,000-க்கும் மேல், இந்தியக் குதிரை வீரர் 1,000. உருவங்களாகச் சொன்னால் ஐரோப்பியருக்கு 80, சிப்பாய்களுக்கு 400, குதிரைக்கு 50. ஜெர்மானியப் படையைத் தீட்டத் தொடங்கியவன் தீட்டவேண்டிய உருவங்களில் ஆறில் ஐந்து இந்தியருடையவை. மேசையில் சிவப்புக்கு அடுத்தபடி மிகுதியாகச் செலவாகும் வண்ணம் பழுப்பு.

இதோடும் கணக்கு முடிவதில்லை. அக்காலத்துப் படை தனியே நகர்வதில்லை. கூடாரம் சுமக்கும் எருதுகள், அவற்றை ஓட்டுவோர், கூடாரம் அடிக்கும் லஸ்கர்கள், டோலி தூக்குவோர், தோற்பைகளில் நீர் கொண்டுவருவோர், புல் வெட்டுவோர், சமையற்காரர், வண்ணார், தானியம் கொண்டுவரும் லம்பாடிகள், கடைவீதி வணிகர், சிப்பாய்களின் மனைவி மக்கள். போரிடுவோரைப்போல இவர்கள் பல மடங்கு இருப்பது வழக்கம் என்று அக்காலத்துப் படை அதிகாரிகளே எழுதியிருக்கின்றனர். இரண்டு மடங்கு என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள் வேண்டும். கம்பளிக் கோட்டு அணிந்த வடஜெர்மானியன் ஜூன் மாத வெயிலில் பகல் முழுதும் போரிட்டான் என்றால், அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் ஒருவர் இருந்தார் என்று பொருள். அவரும் அதே குண்டுகளுக்கிடையேதான் நடந்தார்.

கடைகளில் இவர்களுக்கு உருவங்கள் அரிது. கிடைக்கும் படைப் பட்டியல்களில் இவர்களுக்குப் போர் மதிப்பு இல்லை. போர் மதிப்பு இல்லாததால் எவரும் வார்ப்பதில்லை. எவரும் வார்க்காததால் மேசையில் நிற்பதில்லை. மேசையில் நிற்காததால் பார்ப்பவர் நினைவிலும் இல்லை. வரலாற்று நூல்களில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே.

ஆயினும் இவர்களுக்கு வண்ணக் குறிப்புகள் இல்லாமல் போய்விடவில்லை. அவற்றை எழுதியவர்கள் தஞ்சாவூர் ஓவியர்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்காக அவர்கள் பல்வேறு சாதியினரையும் தொழிலாளரையும் கணவன் மனைவி இணைகளாக வரைந்து தொகுதிகள் ஆக்கினர். லண்டன் அருங்காட்சியகங்களில் இன்றும் அவை இருக்கின்றன. சிப்பாயும் மனைவியும், பல்லக்குத் தூக்குவோர், தண்ணீர் சுமப்போர், நெசவாளர் என்று அவற்றில் விரியும் உலகம் பெரிது. சென்னைச் சிப்பாயின் சிவப்பு மேற்சட்டை, முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் வெள்ளைக் குட்டைக் கால்சட்டை, நீலத் தலைப்பாகை ஆகியவை அக்கால ஓவியங்களில் தெளிவாக உள்ளன. வாங்கியவர்கள் இவர்களை வகைமாதிரிகளாகப் பார்த்திருக்கலாம். வரைந்தவர்கள் தம் தெருவில் கண்டவர்களையே வரைந்தனர். வேட்டியின் கரை எந்த நிறம், தலைத்துண்டு எப்படிக் கட்டப்பட்டது என்பதற்கு இவற்றைவிட நல்ல ஆதாரம் வேறென்ன வேண்டும்?

மாதிரிக்கும் நாம் வெளியே போகவேண்டியதில்லை. நவராத்திரிக் கொலுவில் கல்யாண செட் வைத்தால், மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் போதும் என்று நாம் விட்டுவிடுவதில்லை. நாயனக்காரர், தவில்காரர், புரோகிதர், பந்தியில் உட்கார்ந்தோர் எல்லோரும் இருக்கிறார்கள். செட்டியார் பொம்மை தம் தானியக் குவியல்களோடுதான் கடை பரப்புகிறார். ஒரு நிகழ்ச்சியை நடத்தித் தருபவர்களும் அந்நிகழ்ச்சியின் பகுதியே என்ற எளிய அறிவு அந்தப் படிகளில் இருக்கிறது. நூரன்பர்க்கின் தகர வீரர்கள் நமக்கு அணிவகுப்பைக் கற்றுத்தந்தார்கள் என்றால், அணிவகுப்புக்குப் பின்னால் வரும் ஊரைக் கொலுவிலிருந்து கற்கலாம். கொலுவுக்குச் செய்யும் சிறிய மண்பொம்மைகளின் முறையிலேயே எருதுகளையும் டோலிகளையும் தண்ணீர் சுமப்போரையும் செய்து என் படையில் சேர்த்து வருகிறேன். விளையாட்டு விதியிலும் ஒரு மாற்றம்: தண்ணீர் கொண்டுவருவோர் எட்டமுடியாத அணி, மூன்றாவது சுற்றுக்குப் பிறகு முன்னேற முடியாது. இந்த ஒரு விதி வந்ததும் ஆட்டத்தின் போக்கே மாறிவிடுகிறது. ஆடுபவர்கள் பீரங்கியைக் காப்பதற்கு முன்னால் எருதுகளைக் காக்கத் தொடங்குகிறார்கள்.

6. இரண்டு விதமான மறதி

ஹானோவர்ப் படையோடு வந்த அதிகாரிகளுள் கார்ல் ஆகஸ்ட் ஷ்லேகல் ஒருவர். 1761-இல் பிறந்தவர். நில அளவைப் பணியில் ஈடுபட்டுக் கர்நாடகப் பகுதியின் புவியியலைப் பற்றிக் குறிப்புகள் எழுதினார். 1789-இல், முப்பது வயதை எட்டுமுன்பே, சென்னையில் இறந்தார். அவருடைய தம்பியரே ஜெர்மானியக் கற்பனாவாத இலக்கியத்தின் தூண்களான ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஷ்லேகலும் பிரெடெரிக் ஷ்லேகலும். அண்ணனை நினைந்து ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஓர் இரங்கற்பா எழுதினார். பிரெடெரிக் 1808-இல் இந்தியரின் மொழியையும் ஞானத்தையும் பற்றி எழுதிய நூல், ஐரோப்பாவின் சமஸ்கிருத ஆய்வில் ஒரு திருப்பம். ஆகஸ்ட் வில்ஹெல்ம் பான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 1823-இல் பகவத் கீதையை லத்தீன் மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். அண்ணன் நடந்து அளந்தது தமிழ் பேசும் நிலம். தம்பியர் நூலகங்களிலிருந்து கற்றது சமஸ்கிருதம். அண்ணன் உயிரோடு திரும்பியிருந்தால் ஜெர்மானியரின் இந்திய ஆர்வம் தெற்கிலும் சற்று நிலைத்திருக்குமோ என்ற கேள்வி எழாமல் இல்லை. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு முதலான ஜெர்மானியப் பாதிரிமார்கள் தமிழை ஆழக் கற்றிருந்தும், ஐரோப்பிய இலக்கிய உலகத்தின் கவனம் வேறு திசையிலேயே சென்றது.

அந்தப் போர் கடலூரோடு நின்றுவிடவில்லை. 1783 கோடையில் கம்பெனியின் தென்படை திண்டுக்கல் கோட்டையைக் கைப்பற்றியது. போடிநாயக்கனூர் உள்ளிட்ட பாளையங்கள் திண்டுக்கல் சீமையைச் சேர்ந்தவை. அத்தென்படைக்குத் தலைமையேற்ற ஃபுல்லார்ட்டன், தாராபுரத்தைப் பிடித்த கையோடு ஸ்டூவர்ட்டுக்குத் துணையாகக் கடலூரை நோக்கி விரைந்து செல்கையில் சமாதானச் செய்தி வந்தது. 1784-இன் மங்களூர் உடன்படிக்கையால் திண்டுக்கல் திப்புவிடம் திரும்பியது. 1790-இல் மீண்டும் கைமாறி, 1792-இல் கம்பெனிக்கே நிலையாகப் போயிற்று. பத்தாண்டுகளுக்குள் நான்கு முறை. ஒவ்வொரு முறையும் படைகளுக்கு எருதும் தானியமும் தண்ணீரும் கொடுத்தவர்கள் வைகைக் கரையிலும் மலையடிவாரத்திலும் உழுது வாழ்ந்தவர்கள். அவர்கள் எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

ஷ்லேகலுக்கு ஓர் இரங்கற்பா இருக்கிறது. அவருடைய பெயரில்லாத தோழர்களுக்குக் குறைந்தது ஒரு படைப்பிரிவு எண்ணாவது இருக்கிறது. ஹானோவரின் ஊர்களில் அவர்களுடைய பிறப்பும் பெயரும் தேவாலயப் பதிவேடுகளில் இருக்கும். மசூலாப் படகோட்டிக்கும் தண்ணீர் சுமந்தவருக்கும் அதுவும் இல்லை. இரண்டு மறதிகளும் ஒன்றல்ல. வாடகைக்கு விற்கப்பட்ட ஜெர்மானிய உழவர் மகனுக்காக இரங்குவதற்கும், அவன் யாருடைய வயல்களை மிதித்து நடந்தான் என்று கேட்பதற்கும் ஒரே மனத்தில் இடம் இருக்கவேண்டும். ஒரு படையை உண்மையாகச் சிறிதாக்க முயல்பவன் முதலில் அதை முழுதாக எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது. என் மேசையில் ஹானோவர்ப் படையின் எண்பது உருவங்களும் ஏறக்குறைய முடிந்துவிட்டன. தண்ணீர் சுமப்போர் இதுவரை பன்னிரண்டு பேர்தான் ஆகியிருக்கிறார்கள். வேலை அந்தப் பக்கம்தான் மிச்சமிருக்கிறது.